துணைக்கு ஓர் ஆண்குரல்

எங்கள் இசைக்குழுவின் விளம்பரப் படத்தில் நான் கிழக்குப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அரைவட்டமாகக் கதிரைகள். இடப்பக்கம் ஐரோப்பா: லூட், ஹார்ப்சிகார்ட், மரக்குழல். வலப்பக்கம் பாரசீகம்: சந்தூர், கைப்பறை, பாடகி. நான் வாசிப்பது காம்பா. முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் இழுக்கிற வாத்தியம். ஐரோப்பிய அரண்மனைகளில் செல்லமாக வளர்ந்து, செல்லோ வந்த பிறகு கவனிப்பாரற்றுப் போனது. நியாயமாகப் பார்த்தால் நான் ஹார்ப்சிகார்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். படம் எடுக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். குழுவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தேன்.

அந்தப் படத்துக்குப் பிறகு அதுவே என் இடமாகிவிட்டது. கச்சேரி முடிந்ததும் யாராவது ஒரு வயதான கனவான் வைன் கிளாசோடு வந்து, "உங்கள் முன்னோர்களின் இசை என்னை உலுக்கிவிட்டது" என்பார். நான் அப்போதுதான் ஒரு பிரெஞ்சு நடன மெட்டை வாசித்து முடித்திருப்பேன். ஆரம்பத்தில் மரியாதையாக விளக்கம் சொன்னேன். நான் பாரசீகம் இல்லை, யாழ்ப்பாணம், இந்த வாத்தியம் உங்கள் முன்னோர்களுடையது என்றேன். யாழ்ப்பாணம் என்றதும் அவர்களுடைய தலை ஒரு பக்கம் சாயும். "ஓ, அங்கே போர் நடந்ததல்லவா?" என்று குரல் இறங்கும். அந்தச் சாய்ந்த தலையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு விளக்கம் சொல்வதை விட்டுவிட்டேன். நன்றி என்று மட்டும் சொல்லி, அந்தப் பெரிய பெட்டியை மூடுவதில் மும்முரமாகிவிடுவேன்.

குழுவை நடத்தியவர் லூட் மீட்டுகிற ஆங்கிலேயர். நல்ல விரல்கள், நல்ல காது. மனிதரும் நல்லவர். அவர் நல்லவர் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தொல்லை. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வெளியே வந்திருக்கலாம். இவர் ஒத்திகைக்கு வீட்டில் சுட்ட கேக் கொண்டுவருவார், என் பிள்ளைகளின் பரீட்சையை விசாரிப்பார். அவருக்குப் பிடித்த சொல் 'கலத்தல்'. பாரசீகத்தின் பழைய இசையும் ஐரோப்பாவின் பழைய இசையும் ஒரே பாத்திரத்தில் கலக்கவேண்டும் என்று மேடைக்கு மேடை சொல்வார். கலக்கும்போது யார் கரைவது என்பதைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

சுருதி சேர்க்கிற விஷயத்தையே எடுங்கள். பியானோவுக்கு மூதாதையான ஹார்ப்சிகார்ட்டுக்குச் சுருதி சேர்க்கக் காலையிலேயே ஒரு ஆள் வருவார். அவர் சேர்த்துவிட்டுப் போனால் அது வேதவாக்கு. சந்தூர்க்காரர் மதியம் முழுவதும் குனிந்து, தன்னுடைய அத்தனை கம்பிகளையும் அதற்கேற்ப முறுக்குவார். பாரசீக இசையில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுகிற சுரங்கள் உண்டு. அந்த இசையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஹார்ப்சிகார்ட்டில் அந்த இடத்தில் கட்டை இல்லை. ஆகவே அது சேர்ந்து ஒலிக்கும் பாட்டுகளில் அந்தச் சுரங்களைத் தவிர்க்கலாமே என்றார் எங்கள் தலைவர், உண்மையான வருத்தத்தோடு. விருந்துக்கு வந்தவரிடம் செருப்பை மட்டுமில்லை, காலையும் வாசலில் விட்டுவிட்டு வாருங்கள் என்று சொன்னதுபோல இருந்தது எனக்கு.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு நான் அங்கே இருந்தது பாடகிக்காக.

அவள் என் வயதுக்காரி, ஈரானில் இருந்து வந்தவள். பகலில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை. மாலையில் ஒத்திகைக்கு வந்து கண்ணை மூடி வாயைத் திறந்தால், அந்தக் குளிரெடுக்கும் மண்டபம் சூடாகும். அவளுடைய பாட்டில் ஆவாஸ் என்று ஒரு பகுதி உண்டு. தாளம் கிடையாது. பழைய கவிதையில் ஒரு வரியை எடுத்து, இழுத்து, வளைத்து, தான் நினைத்த இடத்தில் நிறுத்துவாள். அவள் நிறுத்தியதும் ஒரு வாத்தியம் அந்த வரிக்குப் பதில் சொல்லவேண்டும். அவள் பாடியதை அப்படியே திருப்பி வாசித்தால் அது பதில் ஆகாது. கேட்டேன், விளங்கியது, மேலே சொல் என்கிற மாதிரி இருக்கவேண்டும். பதில் வராமல் அடுத்த வரிக்குப் போகமாட்டாள்.

முதல் ஒத்திகையில் அதற்கென்று ஒருவரும் ஒழுங்கு செய்யப்படவில்லை. அவள் ஒரு வரி பாடி நிறுத்தினாள். எல்லோரும் தாளில் தேடினார்கள். என் கை தானாக வில்லை எடுத்தது. சின்ன வயதில் தென் லண்டனில் உள்ள சட்டனில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், நான் படித்தது வயலின். வாய்ப்பாட்டு ஆலாபனைக்குப் பின்னால் போய், அது நின்றதும் பதில் சொல்லச் சொல்லித்தான் பழக்கினார்கள். காம்பாவுக்கு மாறி எத்தனையோ வருடமாகியும் கை அதை மறக்கவில்லை. வாசித்து முடித்தேன். அவள் கண்ணைத் திறந்து, "எங்கே படித்தாய்?" என்று கேட்டாள்.

"சட்டனில்" என்றேன். சட்டனில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஆங்கிலத்தில்தான். வாத்தியம் சொல்லும் அந்தப் பதிலுக்கு அவர்கள் மொழியில் ஜவாப் என்று பெயராம். எங்களிடமும் அந்தச் சொல் உண்டு, பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள் என்றதும் கைகொட்டிச் சிரித்தாள். அன்றிலிருந்து அவளுடைய ஜவாப் நான்தான்.

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனில் இறங்கி, வழியில் எங்கள் தமிழ்க் கடையில் மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு வருவாள். குசினியில்தான் பயிற்சி. நான் ஒரு காலால் கதவைச் சாத்திக்கொண்டு காம்பாவை நிறுத்துவேன். என் கணவர் தேத்தண்ணி ஊற்ற வந்து, "இஞ்சருமப்பா, இந்தப் பிரேதப் பெட்டியைக் கொஞ்சம் அங்கால தள்ளுமன், கேத்திலை எடுக்க ஏலாமக் கிடக்கு" என்பார். அவருக்குச் சங்கீதமும் மிக்ஸி சத்தமும் ஒன்றுதான். ஆனால் அவள் பாடும்போது கேத்திலைப் போடமாட்டார். முடியுமட்டும் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அந்தக் குசினியில்தான் ஒருநாள் தன் கதையைச் சொன்னாள். அவளுடைய நாட்டில், ஆண்கள் இருக்கிற சபையில் ஒரு பெண் தனியாகப் பாடக்கூடாது. கூட்டமாகப் பாடலாம். பக்கத்தில் ஒரு ஆண் சேர்ந்து பாடினாலும் பாடலாம். அவளுடைய குரலை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்க முடியாதபடி இருந்தால் சரி. அந்தத் தடை வந்த வருடத்தில்தான் அவள் பிறந்தாள். "நானும் அதுவும் இரட்டைப் பிள்ளைகள்" என்று சொல்லிச் சிரித்தாள். இளம் வயதில் ஒரே ஒரு தடவை பெரிய மேடை கிடைத்தது. அவள் குரலுக்கு மேல் ஒரு ஆண்குரலைப் போர்த்தினார்கள். நல்ல பாடகர், பண்பான மனிதர், அவர்மேல் ஒரு குறையும் இல்லை என்றாள். அவளுடைய தாய் முன்வரிசையில் இருந்தார். முடிந்த பிறகு, "உன்னைத் தேடினேன், கேட்கவில்லை" என்றாராம்.

"தனியாகப் பாடத்தான் வந்தேன்" என்றாள். "படிக்க வந்தேன், வேலைக்கு வந்தேன் என்று விசாவுக்காகச் சொன்னேன். உண்மையில் அதற்குத்தான் வந்தேன்." இங்கே வால்தம்ஸ்டோவில் ஒரு சின்ன மண்டபத்தில் முதன்முதலாகத் தனியே பாடியபோது, பாதிக் கதிரைகள் காலியாக இருந்தனவாம். பாடி முடிக்குமட்டும் தன் கால்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லையாம்.

எங்கள் வீட்டிலும் இந்தத் துணைக் கதை உண்டு. லண்டனுக்கு வந்த பிறகும் அப்பா என்னை வயலின் வகுப்புக்குத் தனியே விடமாட்டார். அண்ணை துணைக்கு வருவார், பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்து முறைத்துக்கொண்டே வருவார். ஆனால் நான் வில்லை எடுத்த பிறகு அண்ணை வெளியே போய்விடுவார். வாசிப்பது நானாகத்தான் இருந்தது. அவளுக்கு அதுகூட இல்லை.

சொல்லி முடித்ததும், இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். முக்கியமாக எங்கள் தலைவரிடம். தெரிந்தால் மறுநாளே அது விளம்பரத் தாளில் வரும், அவள் பாட வாயைத் திறக்குமுன்பே தலைகள் சாய்ந்துவிடும். "பரிதாபப்பட்டு என்னைத் தனியாகப் பாட விட்டால் அது எனக்கு வேண்டாம். பாட்டு நன்றாயிருக்கிறது என்று விடவேண்டும்." சாய்ந்த தலைகளைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

இரண்டு குளிர்காலம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒவ்வொரு கச்சேரியிலும் ஆவாஸ் அவளுக்கு, ஜவாப் எனக்கு. பிறகு இசைத்தட்டுப் பதிவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பதிவுக்கு முன்பு நகரத்தின் நடுவில் ஒரு பெரிய தேவாலயத்தில் கச்சேரி என்று முடிவானது. தலைவருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. ஒரு புதிய பாடகரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்குரல் உயரத்தில் பாடுகிற ஆண். பழைய ஐரோப்பிய இசையில் அப்படிப் பாடுகிறவர்களுக்கு இப்போது பெரிய மவுசு. கண்ணாடிபோலக் குரல். கூச்ச சுபாவமான மனிதர், ஒவ்வொரு தடவையும் எங்களைத் தாண்டிப் போகும்போது மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போவார்.

"ஆவாஸில் ஒரு மாற்றம்" என்றார் தலைவர். "முதல் வரி நீங்கள் தனியாகப் பாடுங்கள். இரண்டாவது வரியில் இவர் கீழே இருந்து மெல்ல வந்து சேர்ந்துகொள்வார். கடைசியில் இரண்டு குரலும் ஒன்றாகிவிடும். எது எவருடையது என்று யாருக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் குழுவின் அர்த்தமே அந்த இடத்தில் வந்துவிடும்!"

அவளைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை.

ஒரு தடவை பாடிப் பார்த்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, கேட்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. மரக்குழல்காரியின் கண்கள் கலங்கிவிட்டன. பாடகி மட்டும் தண்ணீர்ப் போத்தலை மூடி, "நான் தனியாகவே பாடுகிறேனே" என்றாள், மிக மெதுவாக.

"ஏன், பிடிக்கவில்லையா?"

"இந்தப் பாட்டு அப்படித்தான். ஒரு குரல், ஒரு பதில்."

"அது பழைய முறை. நாங்கள் புதிதாக ஒன்று செய்கிறோமே" என்றார் அன்பாக.

புதிதாம்! நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு குரல் சேர்ந்தால் அவள் வரியை வளைக்க முடியாது, நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, எனக்குப் பதில் சொல்ல இடமே வராது என்று சங்கீதக் காரணங்களாக அடுக்கினேன். ஒன்றும் பொய் இல்லை. ஆனால் உண்மையான காரணம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லப் போகிறேன் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கதிரைக்குக் கீழே என் காலை மிதித்தாள். தலைவர் சிரித்துக்கொண்டு, "கிழக்குப் பக்கம் எப்போதும் ஒற்றுமைதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கேக் வெட்டினார்கள்.

அவருக்கு ஈரானில் நடப்பது தெரியாமல் இருந்திருக்காது. பேப்பர் படிக்கிற மனிதர். செய்தியில் பார்த்துக் கவலைப்பட்டும் இருப்பார். ஆனால் அந்தச் செய்தியும், தான் ஒரு பாட்டில் செய்கிற சின்ன மாற்றமும் அவருக்கு வேறு வேறு அறைகளில் இருந்தன. தடை போடுகிறவன் மீசையும் துப்பாக்கியுமாக வருவான் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு, கேக் கொண்டுவருகிற தன் கையும் அதே வேலையைச் செய்யும் என்று எப்படித் தோன்றும்?

அன்று கணவர் காரில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். நான் பொரிந்து தள்ளினேன்.

"அந்தாளிட்டை உள்ளதைச் சொல்லிப்போட்டு வாறதுதானே?" என்றார்.

"ஏலாது. சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன்."

"அப்ப அவவே சொல்லலாமெல்லே?"

"ஏன் அவ சொல்ல வேணும்? தன்ர பாட்டைத் தான் பாடுறதுக்கும் அழுது காட்ட வேணுமோ?" என்று அவர்மேல் பாய்ந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

கச்சேரிக்கு முன் மேலும் இரண்டு தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் தலையாட்டிக் கேட்டார், யோசிப்பதாகச் சொன்னார், கடைசியில் முன்பு சொன்னதையே சொன்னார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சரி என்றாள். அவள் சரி என்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

தேவாலயம் நிறைந்திருந்தது. கணவர்கூட கோட் போட்டுக்கொண்டு வந்து தூணுக்குப் பக்கத்தில் இருந்தார். முதல் பாதி ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. இரண்டாம் பாதியில் ஆவாஸ். அவள் எழுந்து நின்றாள்; கறுப்பு உடுப்பு, மாதுளம்பழ நிறத்தில் ஒரு சால்வை. முதல் வரியை எடுத்தாள். எங்கள் குசினியில் எத்தனையோ தடவை கேட்ட வரிதான், ஆனாலும் அன்று அவள் அதை விட்டுக்கொடுக்க மனமில்லாதவள்போலப் பாடினாள். ஹார்ப்சிகார்ட்டில் இல்லாத சுரங்கள் எல்லாவற்றையும் வேண்டுமென்றே தொட்டுத் தொட்டுப் போனாள். நிறுத்தினாள். நான் பதில் சொன்னேன். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் வாசித்ததில்லை.

இரண்டாவது வரியைத் தொடங்கினாள். அந்த ஆண்குரல், சொன்னபடியே, கீழே இருந்து மெல்ல வந்து சேர்ந்தது. அது தன்னைத் தொட்ட அந்த இடத்தில் அவள் நிறுத்தினாள். சொல்லின் நடுவில். வாயை மூடி, சால்வையைச் சரிசெய்து, கதிரையில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

புதிய பாடகர் பதறிப்போய்த் தலைவரைப் பார்த்தார். போங்கள் என்று தலைவர் கண்ணைக் காட்டினார். அவர் பாடினார். அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்த பாரசீகச் சொற்களை ஒன்றுகூடப் பிசகாமல், கண்ணாடிக் குரலில், கடைசிவரை தனியாகப் பாடினார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் என் பதிலுக்காகக் கொஞ்சம் நின்றார். நான் வில்லை மடியில் வைத்திருந்தேன். அவளுடைய வரிக்குத்தான் நான் பதில் சொல்வேன். அந்த இடைவெளிகளைத் தலைவர் தன் லூட்டால் நிரப்பினார்.

ஒரு பெண் மேடையில் வாய்மூடி உட்கார்ந்திருக்க, அவளுடைய பாட்டை ஒரு ஆண் பாடி முடித்தார். லண்டனின் நடுவில், அத்தனை படித்த சனம் எழுந்து நின்று கைதட்டியது. கணவர் மட்டும் தூணடியில் உட்கார்ந்தபடியே இருந்தார்.

கச்சேரி முடிந்து பின்னறையில் நான் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அவள் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். புதிய பாடகர் வந்து, "நான் பாடாமல் நிறுத்தியிருக்கவேண்டும்" என்றார், முகம் வெளுத்து. அவரிடம் அவளுக்குக் கோபம் இல்லை. தோளைத் தட்டிக் கொடுத்தாள். அப்போது தலைவர் உள்ளே வந்தார். அவர் திட்டினால் திருப்பிக் கொடுக்க நான் தயாராக இருந்தேன். அவரோ கண்ணெல்லாம் ஈரமாக, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அந்த மௌனம்!" என்றார். "எனக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் அப்படியே ஒதுங்கி, குரலை அவரிடம் கொடுத்துவிட்டு... சனம் மூச்சே விடவில்லை, பார்த்தீர்களா? இசைத்தட்டிலும் அதை அப்படியே வைத்துக்கொள்வோம். ஒரு வரி பாடுங்கள், பிறகு பேசாமல் இருந்துவிடுங்கள்."

அவள் கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"எங்கள் நாட்டிலும் இதைத்தான் கேட்டார்கள்" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா? இது உங்கள் மரபிலேயே இருக்கிறதா? எவ்வளவு பழையது?"

அவள் கோட்டின் கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டாள்.

"அவ்வளவு பழையதில்லை" என்றாள். "என் வயதுதான்."